பண்டிகைக் கால பொக் பீர்: லோபாக் வீட்டு மேசையில் சுவைத்து மதிப்பிடுவது

நான்கு பேர், ஒரு போத்தல், ஒன்றரை மணி நேரம். இந்த அத்தியாயத்துக்கு அவ்வளவு போதும். சிரம்பான் லோபாக்கில், எங்கள் வீட்டுச் சமையலறையை ஒட்டிய சின்ன மேசையில் ஒவ்வொரு டிசம்பரிலும் நாங்கள் செய்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். ஜெர்மனியின் குளிருக்காக வடித்த பீரை முப்பது டிகிரி வெயிலில் வைத்து மதிப்பிடும்போது சில வேலைகளை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த மாற்றங்களை ஐரோப்பியப் புத்தகங்களில் தேடினால் கிடைக்காது.

முதலில் பாதுகாப்பு

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு மதுவின் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. கள்ளுக்குப் பின் சம்சு வந்தது. லயத்துக்கு லயம் குடும்பங்களைத் தின்றது. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து நம் நாட்டில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனால்தான் இந்த அத்தியாயத்தில் அளவை மில்லிலிட்டர் கணக்கில் சொல்கிறேன். மதிப்பிடத் தெரிந்தவர் குடிப்பது மிகக் குறைவு.

1. ஆளுக்கு ஒரு சுற்றில் 60 மில்லி. இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். ஏழு சதவீத பொக் 500 மில்லி போத்தலில் ஏறத்தாழ 28 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நம் கடைகளில் விற்கும் 320 மில்லி, ஐந்து சதவீத டின் பீரில் இருப்பது 13 கிராம் கூட இல்லை. ஒரு பொக் போத்தலைத் தனியாளாக முடித்தால் இரண்டு டின்னுக்கு மேல் குடித்ததாகும்.

2. மேசையில் உட்காருகிறவர்கள் எல்லாரும் 21 வயது நிரம்பியவர்களாக இருக்கட்டும். 2017 டிசம்பரிலிருந்து மது விற்பனைக்கான வயது வரம்பும் அதுதான்.

3. வண்டி ஓட்டி வந்தவர் அன்று மூக்கால் மட்டும் மதிப்பிடட்டும். 2020-இல் திருத்திய சட்டப்படி இரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. முன்பு 80 இருந்தது. மொத்தம் 50 மதிப்பெண்ணில் மணத்துக்கு மட்டுமே 12 என்பதால், மூக்கு மட்டும் வைத்திருப்பவர் மேசையில் வீணாக உட்கார்ந்திருக்கமாட்டார்.

4. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பொக்கில் மாவுச்சத்தும் அதிகம். கர்ப்பிணிகளுக்கு ஒரு சொட்டும் கூடாது.

5. குடியை விட்டவரை "சும்மா ருசி பார்" என்று அழைக்காதீர்கள். முஸ்லிம் நண்பர்கள் வீட்டுக்கு வரும் நாளில் இந்த மேசையைப் போடாதீர்கள்.

6. உரிமம் உள்ள கடையில், மூடி உடையாத போத்தலை மட்டும் வாங்குங்கள். மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை தேர்ந்த சுவைஞராலும் முடியாது. சந்தேகத்துக்குரிய எதையாவது குடித்த பின், அரை நாளோ ஒரு நாளோ கழித்துக்கூட, வாந்தியும் வயிற்றுவலியும் கண் மங்கலும் வந்தால் போதை என்று நினைத்துப் படுக்கவைக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

பொக் என்பது எது

வட ஜெர்மனியின் ஐன்பெக் நகரத்துக் கனமான பீர் தெற்கே மியூனிக் வரை பேர் பெற்றிருந்தது. 1614-இல் அந்தப் பக்கத்து வடிப்பாளர் எலியாஸ் பிக்லர் மியூனிக் அரச வடிப்பகத்துக்கு வந்து அதே மாதிரி வடித்தார். 'ஐன்பெக்' என்ற பெயர் பவேரிய நாக்கில் தேய்ந்து 'ஐன் பொக்' ஆயிற்று. அதற்கு 'ஓர் ஆட்டுக்கிடா' என்று பொருள். போத்தலில் கிடா படம் இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரியவேண்டிய எண் 16. பொக் என்று பெயர் போட, காய்ச்சிய மால்ட் சாற்றில் நொதிப்பதற்கு முன்பே 16 சதவீதம் கரைந்த சத்து இருக்கவேண்டும். இரட்டை பொக்குக்கு 18. சாதாரண வெளிர் லாகரில் 11, 12 இருக்கும். அந்தக் கூடுதல் சத்துதான் உங்கள் நாக்கில் ரொட்டியாகவும் கருப்பட்டியாகவும் வந்து நிற்கிறது.

கிறிஸ்துமஸுக்காக வரும் பொக்கை ஜெர்மானியர் 'வைநாக்ட்ஸ்பொக்' என்றும் 'ஃபெஸ்ட்பொக்' என்றும் சொல்வார்கள். பொன்னிறத்திலும் வரும், கருஞ்சிவப்பிலும் வரும். பெல்ஜியம், இங்கிலாந்துக் கிறிஸ்துமஸ் பீர்களில் போடுவதுபோல் பட்டையோ கிராம்போ ஆரஞ்சுத் தோலோ இதில் போடுவதில்லை. தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், அத்தோடு மாதக்கணக்கில் குளிரில் கிடந்த பொறுமை. பண்டிகை என்ற சொல்லைக் கண்டு மசாலாவைத் தேடினால் மதிப்பீடு முழுவதும் தடம் புரளும்.

கடையில் போத்தலைப் படிப்பது

1. தேதி: 'மின்டெஸ்டென்ஸ் ஹால்ட்பார் பிஸ்' என்ற சொற்களுக்குப் பின்னால் வருவது, 'இதுவரை கெடாது' என்னும் நாள். நாள், மாதம், ஆண்டு என்று நம் வரிசையிலேயே இருக்கும்.

2. ஆல்கஹால்: ஜெர்மானியர் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். 6,8 என்றால் 6.8 சதவீதம். சாதாரண பொக் ஆறரையிலிருந்து ஏழு சொச்சம் வரை; இரட்டை பொக் ஏழிலிருந்து மேலே.

3. பெயர்: 'ஆட்டோர்' என்று முடிந்தால் பெரும்பாலும் இரட்டை பொக். பவுலானர் வடிப்பகத்தின் சால்வட்டோரைப் பார்த்து மற்றவர்கள் பிடித்த வழக்கம் அது. ஐயிங்கரின் செலபிரேட்டரும் அந்த வரிசைதான். 'வைட்சன்பொக்' என்றிருந்தால் கோதுமை பொக். அதற்கு விதிகள் வேறு.

4. நிறம்: பழுப்புப் போத்தல் நல்லது. பச்சையும் வெள்ளையும் வெளிச்சத்தைத் தடுக்காது.

5. கடையில் அது நின்ற இடம்: சன்னல் ஓரத்திலும் கல்லாவின் விளக்கடியிலும் நின்றதை விடுங்கள். கப்பலில் வெப்பமண்டலக் கடலைக் கடந்து வந்த பீர் ஏற்கெனவே களைத்திருக்கும்.

நான் முதன்முதலில் வாங்கிய பண்டிகை பொக் ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் வெயில் பட்டு நின்றது. அழகான அட்டை, தேதியும் இருந்தது. வீட்டில் திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி மணம். அன்று ஜெர்மானியருக்குப் பீர் வடிக்கத் தெரியவில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். பல மாதங்கள் கழித்து வேறு கடையின் குளிர்ப்பெட்டியிலிருந்து அதே பீரை வாங்கியபோதுதான் அந்த முடிவு எவ்வளவு தவறு என்று தெரிந்தது.

முந்தின நாள்: மூக்கைப் பழக்கும் தட்டுகள்

அத்தியாயத்தின் உயிர் இங்கே இருக்கிறது. நேரமில்லை என்றால் வேறு எதையாவது விடுங்கள், இதை விடாதீர்கள். "வறுத்த ஹேசல்நட், கம்பு ரொட்டி, உலர் அத்தி" என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் படித்துவிட்டு அதையே ஒப்பிப்பதில் பயனில்லை. நம் சமையலறையிலேயே இவை எல்லாவற்றுக்கும் ஈடு இருக்கிறது. சின்னத் தட்டுகளில் வைத்துக் கண்ணை மூடி முகர்ந்து பழகுங்கள்.

நல்ல பக்கம்:

- ஹோர்லிக்ஸ் பொடி, உலர்ந்தபடி: மால்ட்டின் அடிப்படை மணம். வெளிர் பொக்கில் இதுதான் முன்னால் நிற்கும்.
- ரொட்டி பக்காரின் பழுப்பு ஓரம், வெண்ணெய் தடவாமல்: மியூனிக் மால்ட்.
- குலா மலாக்கா ஒரு துண்டு; பக்கத்தில் தோதோல் ஒரு துண்டு: கரும் பொக்கின் ஆழம். குலா மலாக்காவில் புகையும் இனிப்பும் இருக்கும், தோதோலில் கிண்டிக் கிண்டிச் சிவந்த மணம் இருக்கும். இரண்டையும் பிரித்தறியும் மூக்கு பாதி வேலையை முடித்த மூக்கு.
- உலர்ந்த திராட்சை: இரட்டை பொக்கில் வரும் கருப்புப் பழம்.
- கோப்பி ஓ தூள்: இது *இருக்கக் கூடாத* அளவைக் காட்ட. பொக்கில் கருகல் வாடை லேசாகக்கூட முன்னால் வரக்கூடாது. ஸ்டவுட் குடித்துப் பழகிய நம் மூக்கு கருப்பு நிறத்தைக் கண்டதும் காப்பியைத் தேடும். அந்தப் பழக்கத்தை இங்கே உடைக்கவேண்டும்.

கெட்ட பக்கம்:

- உருகிய வெண்ணெய்: முதிராமல் போத்தலில் அடைத்த பீர்.
- டின் சோளத்தின் தண்ணீர்: காய்ச்சுவதில் குறை.
- பச்சை ஆப்பிள் தோல்: நொதிப்பு முடியவில்லை.
- நனைத்துப் பிழிந்த அட்டைப்பெட்டித் துண்டு: காற்றும் வெப்பமும் பட்ட பழைய சரக்கு. நம் நாட்டில் அதிகம் சந்திப்பது இதைத்தான்.
- கிச்சாப், மார்மைட்: செத்த ஈஸ்ட். மிகப் பழைய இரட்டை பொக்கில் துளி இருந்தால் பொறுக்கலாம்.
- வினிகர்: கிருமி புகுந்தது.

தட்டில் வைக்க முடியாத இரண்டை நினைவிலிருந்து எடுக்கவேண்டும். தோட்டத்தில் ஒட்டுப்பால் மூட்டை கிடந்த கொட்டகை வாடை தெரிந்தவர்களுக்கு, பழைய ஹாப்ஸ் கெட்டால் வரும் புளித்த நாற்றம் உடனே பிடிபடும். ரப்பர் ஷீட்டைப் புகைபோட்ட கொட்டகையின் மணம் தெரிந்தவர்களுக்கு, பாம்பெர்க் நகரத்துப் புகை பீர் புதிதாகத் தோன்றாது. அங்கே ஷ்லெங்கர்லா வடிப்பகம் கருவாலி மரப் புகையில் மால்ட்டை உலர்த்தி, 'ஐஷே' என்ற எட்டு சதவீத இரட்டை பொக்கைக் கிறிஸ்துமஸுக்கென்றே வடிக்கிறது. அதில் புகை குறையாகாது. வேறு பொக்கில் வந்தால் குறை. லோபாக் மேசையில் அதை முகர்ந்த பெரியவர் ஒருவர், மரம் வெட்டி ஓய்வுபெற்றவர், கிளாஸைக் கீழே வைக்காமலே, "தம்பி, இது நம்ம புகைக் கொட்டாய்ப்பா" என்றார். அன்று நாங்கள் எழுதிய குறிப்புகளில் அதைவிடத் துல்லியமானது எதுவும் இல்லை.

மேசையைத் தயார் செய்வது

1. போத்தலை ஐஸ்பெட்டியில் ஒரு நாள் முழுக்க நிற்கவையுங்கள். படுக்கவைக்க வேண்டாம், அடியில் உள்ள வண்டல் கலங்கும்.

2. அன்று வீட்டில் ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டாம். மல்லிகை, சென்ட், தைலம் பூசியவர்கள் தள்ளி உட்காரட்டும். தாளிப்பு முடிந்து இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

3. ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே மிளகாய், வெற்றிலை, சிகரெட், கோப்பி கூடாது. வெறும் வயிறும் கூடாது. சோறு சாப்பிட்டவர்களே உட்காரட்டும்.

4. உட்பக்கம் குவிந்த, காலுள்ள சின்ன கிளாஸ் ஆளுக்கு ஒன்று. சோப்புப் போட்டு, நன்றாக அலசி, கவிழ்த்துக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் துணியின் வாடை ஏறும். சரிபார்க்க ஒரு வழி: உள்ளே தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தால் முழுப் பரப்பிலும் ஒரே ஏடாக வழியவேண்டும். திட்டுத் திட்டாக நின்றால் எண்ணெய்ப் பசை இருக்கிறது, நுரை நிற்காது.

5. தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட், துப்புவதற்கு ஆளுக்கொரு குவளை. துப்புவதை மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒயின் சுவைக்கும் தொழில்முறை நடுவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

*குறிப்பு: கிளாஸை ஐஸ்பெட்டியில் வைக்காதீர்கள். பொக்கை 8 முதல் 12 டிகிரிக்குள் சுவைக்கவேண்டும். 4 டிகிரியில் எடுத்த 60 மில்லி பீரை நம் அறைச்சூட்டிலுள்ள கிளாஸில் ஊற்றினால், கிளாஸின் சூடே அதை ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும். போத்தலை வெளியே வைத்துக் காத்திருப்பது நம் ஊரில் தேவையில்லை. ஊற்றியதும் மீதியை உடனே ஐஸ்பெட்டிக்கு அனுப்புங்கள்.*

சுவைக்கும் வரிசை

1. ஊற்றுதல். கிளாஸைச் சாய்த்துத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். இரண்டு விரற்கடை நுரை எழும்பட்டும். கடைசி ஒரு விரற்கடை பீரைப் போத்தலிலேயே விடுங்கள்.

2. முதல் முகர்வு. பார்ப்பதற்கு முன் முகருங்கள். கந்தகம் போன்ற லேசான மணங்கள் அரை நிமிடத்தில் பறந்துவிடும். இரண்டு குட்டி மூச்சு, பிறகு கிளாஸைச் சுழற்றி ஒரு நீண்ட மூச்சு. தட்டுகளை நினைத்துப் பாருங்கள். முதலில் தோன்றியதை எழுதுங்கள், பேசாதீர்கள். ஒருவர் "தோதோல்" என்று சொல்லிவிட்டால் மேசை முழுக்கத் தோதோல் மணக்கும்.

3. பார்த்தல். வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடியுங்கள். கரும் பொக் கருப்பாக இருக்காது. விளக்குக்கு எதிரே மாதுளைச் சிவப்பு ஒளிரும். தெளிவாக இருக்கவேண்டும். புழுக்கத்தில் கிளாஸ் வேர்க்கும். அதைக் கலங்கல் என்று எழுதிவிடாமல் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

4. முதல் வாய். ஒரு மேசைக்கரண்டி அளவு. நாக்கு முழுக்கப் பரப்பி ஐந்து எண்ணுங்கள். வாயை மூடியபடி மூக்கால் மூச்சு விடுங்கள். உண்மையான சுவை அப்போதுதான் ஏறும். முதலில் என்ன வந்தது, நடுவில் என்ன, விழுங்கிய பின்போ துப்பிய பின்போ என்ன மிஞ்சியது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்.

5. இனிப்பைச் சோதித்தல். பொக்கின் தரத்தை முடிவு செய்யும் கேள்வி இது. மால்ட் மணம் எவ்வளவு கனமாக இருந்தாலும், முடிவில் சீனிப்பாகு ஒட்டக்கூடாது. ஹாப்ஸின் கசப்பு தனியாகத் தெரியாமல், இனிப்பைத் தாங்கிப் பிடிக்கிற அளவில் இருக்கவேண்டும். துப்பிவிட்டு உதட்டை நக்கிப் பாருங்கள்: மைலோ குடித்த மாதிரி ஒட்டினால் குறை, வாய் சுத்தமாகி இன்னொரு வாய் கேட்டால் நிறை.

6. உடல். கஞ்சித் தண்ணீர்போல் வழுவழுப்பா, வெறும் தண்ணீர்போல் மெலிவா? தொண்டையில் சூடு ஏறினால் இதமான சூடா, காந்தலா? ஆறேழு சதவீத பொக்கில் காந்தக்கூடாது. காந்தல் இருந்தால் நொதிப்பில் வெப்பம் தவறியிருக்கிறது.

7. காத்திருப்பு. ஐந்து நிமிடம் கிளாஸைத் தொடாதீர்கள். 15 டிகிரியை நெருங்கும்போது மீண்டும் முகருங்கள். குளிரில் ஒளிந்திருந்த குறைகள் எல்லாம் இப்போது வெளியே வரும். எங்கள் மேசையில் பெரும்பாலும் மதிப்பெண் மாறுவது இந்த ஐந்து நிமிடத்தில்தான்.

மதிப்பெண் போடுவது

பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பான பி.ஜே.சி.பி.யின் 50 மதிப்பெண் முறையே போதும்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாய் உணர்வு 5, மொத்த அபிப்பிராயம் 10. கூட்டினால் 45-உம் அதற்கு மேலும் அபூர்வம். 38 முதல் 44 மிகச் சிறப்பு. 30 முதல் 37 மிக நன்று. 21 முதல் 29 நன்று. அதற்குக் கீழே 14 வரை சுமார். 13-உம் அதற்குக் கீழும் கோளாறு.

எழுதும் விதம் முக்கியம். "நல்லா இருக்கு, கொஞ்சம் ஸ்ட்ராங்" என்பது குறிப்பாகாது. இப்படி எழுதுங்கள்: "மணம்: வறுத்த ரொட்டி ஓரம் முன்னால், பின்னால் குலா மலாக்கா, சூடேறியதும் மெல்லிய அட்டைப்பெட்டி. 8. தோற்றம்: மாதுளைச் சிவப்பு, தெளிவு, நுரை ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. 2. சுவை: தோதோல் இனிப்பு, முடிவு சுத்தம், கசப்பு குறைவு. 14." ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் அந்த பீர் உங்கள் வாயில் வரவேண்டும்.

'எனக்குப் பிடித்ததா' என்ற கேள்வியையும் 'நல்ல பொக்கா' என்ற கேள்வியையும் ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். இனிப்பே ஆகாத ஒருவர் பொக்குக்கு 40 போடலாம், போடவும் வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- விலையையும் அட்டையையும் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுவது. இரண்டு வகை இருந்தால் மேசையில் உட்காராத ஒருவர் செய்தித்தாள் சுற்றி ஊற்றட்டும்.
- வைட்சன்பொக்கில் வாழைப்பழமும் கிராம்பும் மணத்ததும் கெட்டுவிட்டது என்பது. கோதுமை பீருக்கான ஈஸ்ட் தரும் மணம் அது. ஆனால் மற்ற பொக்கில் கிராம்பு வந்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.
- முறுக்கோ மட்டன் பிரட்டலோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவைப்பது. ஆல்கஹால் காரத்தை ஏற்றிவிடும், நாக்கு மரத்துப்போகும். எல்லாத் தாளும் எழுதி முடிந்த பின் சாத்தேயையும் பழக் கேக்கையும் எடுத்து வையுங்கள். கரும் பொக்குக்கு இரண்டும் பொருந்தும்.
- மூன்று, நான்கு பீரை ஒரே மாலையில் மதிப்பிடுவது. கனமான பீரில் இரண்டாவதற்குப் பின் நாக்கு உண்மை சொல்வதில்லை.

நாக்கைச் சோதிக்கும் பயிற்சி

மூன்று கிளாஸ் எடுத்து, இரண்டில் ஒரே பீரும் ஒன்றில் வேறு பீரும் ஊற்றச் சொல்லுங்கள். ஆளுக்கு 20 மில்லி போதும். வேறானது எது என்று சொல்லவேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகும் என்பதால், ஒரே தடவை சரியாகச் சொன்னதை வைத்துப் பெருமைப்பட வேண்டாம். வெவ்வேறு நாட்களில் ஐந்து தடவை செய்து, நான்கு சரியாக வந்தால் உங்கள் மூக்கை நீங்கள் நம்பலாம்.

இரண்டாவது போத்தல்

கையில் காசு இருந்தால் ஒரே தேதி உள்ள மூன்று போத்தல் வாங்குங்கள். ஒன்றை இந்த டிசம்பரிலேயே திறந்து குறிப்பை எழுதுங்கள். இரண்டாவதை ஐஸ்பெட்டியின் பின்மூலையில், மூன்றாவதை அலமாரியின் மேல்தட்டில், வெளிச்சம் படாமல் தாளில் சுற்றி வையுங்கள். மூடியின் மேல் நாளை எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்து, பங்குனி வெயிலில், இரண்டையும் ஒன்றாகக் குளிர வைத்து, எது எது என்று தெரியாமல் ஊற்றச் சொல்லி, டிசம்பர் குறிப்பைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு உட்காருங்கள். அலமாரிப் போத்தலில் முதலில் எது குறைந்திருக்கிறது, ரொட்டி மணமா நுரையா கசப்பா என்பதை அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுதிவையுங்கள்.